மாதம் ஒரு பிறந்தநாள்

பள்ளிவாசல் பலகையில்
உன் வயதை அறுபத்திரண்டு என்று எழுதியிருந்தார்கள்.
எனக்குத் தெரிந்த கணக்கு வேறு.
தெஹிவளை மண்டபத்தின் மேல்மாடியைப்
பிறந்தநாள் விழாவுக்கு மட்டும்தான் வாடகைக்கு விடுவார்கள்.
அதனால் முதல் சனிக்கிழமைதோறும்
யாராவது ஒருவர் பிறந்தாக வேண்டியிருந்தது.
ஆள் கிடைக்காத மாதங்களில் நீயே பிறந்தாய்,
ஷிராஸ்.
பேபி என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

பகலில் மருதானை ஸ்டேஷன், மூன்றாவது கவுண்டர்.
கம்பிக்குப் பின்னால் இரண்டு கைகள்.
ஒருநாள் என் சீசன் டிக்கட்டை நீட்டியபடி
முகம் தூக்காமலே கேட்டாய்:
"போன சனி ஏன் அந்தப் பச்ச ஷேர்ட் உடுக்கல்ல?"
எனக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில்.
என் காது மட்டும் சிவந்தது.

நம் கண்ணாடிப் பந்து
ஒரு பழைய கால்பந்து.
கொம்பனித்தெரு சலூனில் உடைகிற கண்ணாடியெல்லாம்
உனக்கென்று ஒரு பேசினில் சேரும்.
பந்தைச் சாக்குப் பையில் கட்டி
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவாய்.
சோதனைச் சாவடியில் "என்ன அது?" என்றால்
"பூசணிக்காய்" என்பாய்.
பையைத் திறந்த சிப்பாய்
தன் முகத்தை இருநூறு தடவை பார்த்துவிட்டு
போ என்பான்.

அது சுழலும்போது
முடிவெட்டிக்கொண்ட எத்தனையோ ஆண்களின் முகங்கள்
எங்கள்மேல் உதிர்ந்தன என்று
அன்று எழுதத் தோன்றவில்லை.
அன்று நான் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஜூலையில் பொலிஸ் வந்தது.
பாட்டு நின்றதும்
அறுபது பேரின் மூச்சு கேட்டது.
யாருக்குப் பிறந்தநாள்?
காகிதத் தொப்பியை என் தலையில் கவிழ்த்து
"இவருக்கு" என்றாய்.
இன்ஸ்பெக்டர் என் அடையாள அட்டையை
டோர்ச் வெளிச்சத்தில் வாசித்தார்.
அதில் நான் டிசம்பரில் பிறந்தவன்.
பருத்தித்துறையில் பிறந்தவன்.
அட்டையைப் பார்த்தார். கேக்கைப் பார்த்தார்.
மறுபடியும் கேக்கை.
பிறகு
ரோஜாப்பூ வைத்த துண்டு தனக்கு வேண்டுமென்றார்.

வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள்,
எங்களைப் பிடிக்கிற சட்டப் பிரிவுக்கும் அதே இலக்கம்.
"அப்ப ஒவ்வொரு நாளும் பொறக்கத்தானே வேணும்"
என்று சொல்லிக்கொண்டே
இன்ஸ்பெக்டரின் தட்டைக் கழுவினாய்.

பன்னிரண்டு மணிக்கு முடியவேண்டிய ஆட்டத்தை
ஒருநாளும் பன்னிரண்டுக்கு நீ முடித்ததில்லை.
"என்ட கால் இன்னம் முடியல்ல."
நாங்கள் சுவரில் சாய்ந்து தூங்கி விழுவோம்,
நீ கசெட்டைத் திருப்பிப் போடுவாய்,
நாலே முக்காலுக்கு முதல் நூறாம் நம்பர் பஸ்
காலி வீதியில் விளக்கோடு வரும்வரை.

இருபது வருஷம் கழித்து, மெல்பேர்னிலிருந்து
ஜீவக டெலிபோனில் சொன்னான்:
வெள்ளவத்தைக்கு இருட்டில் போகக்கூடாத
தமிழ்ப் பொடியன்கள் ஐந்து பேர் அங்கே இருந்தோமாம்.
ஐந்து பேருக்காக மற்றவர்கள் விடியும்வரை ஆடினார்களாம்.
எனக்குத் தெரியாது.
நான் உன் காலைத்தான் திட்டினேன்.

ஜாவத்தை மையவாடி. அஸருக்குப் பிறகு.
ஜனாஸாத் தொழுகையில் குனிவதில்லை,
நின்றபடிதான் என்று ஓட்டோக்காரர் சொன்னார்.
மதிலோரம் நாங்கள் பதினொரு பேர் நின்றோம்.
நடுவில் நீ இருக்க, ஒருவரும் அசையாமல்
நிற்பதை முதல் தடவையாகப் பார்த்தேன்.
லெஸ்லியின் வலது கால் மட்டும்
சப்பாத்துக்குள் தட்டிக்கொண்டிருந்தது.

முதல் சனிக்கிழமை வந்தது.
மண்டபத்தில் இப்போது பல் வைத்தியசாலை.
கீழே பேக்கரி மட்டும் அப்படியே இருக்கிறது.
ஐசிங் கூம்போடு அந்தப் பிள்ளை பெயர் கேட்டாள்.
சொன்னேன்.
எத்தனையாவது பிறந்தநாள் என்றாள்.
பதினொரு வருஷம்,
அதில் ஆள் கிடைக்காத மாதங்கள்,
பெருமழைக்கு மண்டபம் பூட்டிய மாதங்களைக் கழித்து,
இன்ஸ்பெக்டர் வந்த மாதம் எனக்குப் போக,
என்று விரல் மடிக்கத் தொடங்கினேன்.
அவள் கூம்பைக் கீழே வைத்துவிட்டு
அடுத்த ஆளுக்குப் பாண் கட்டிக் கொடுத்தாள்.